வாழைச்சேனை போட்காரர் எல்லாருக்கும் செட் கடையில இருந்து ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ரெண்டு கிழமையா, போட்டில பேசிற விஎச்எப் ரேடியோ செட் திருத்துற என்ட கடையப் பத்தி ஒரு வொய்ஸ் மெசேஜ் வட்ஸ்அப்பில குரூப் குரூப்பா சுத்துது, உங்கள்ள கனபேர் கேட்டிருப்பீங்க, கேட்டுட்டு எனக்கே அனுப்பின ஆக்களும் இரிக்காங்க. "அந்தக் கடையில ஒரிஜினல் சாமானைக் கழட்டி எடுத்திட்டு சைனா சாமான் போட்டுத் தாறாங்க, முந்தி 8 மைலுக்குக் கேட்ட செட் இப்ப ரெண்டு மைலுக்கும் கேக்குதில்ல" எண்டு அதில சொல்றாங்க. பேசினவர் ஆரெண்டு எனக்குத் தெரியும், அவர்ர பேர நான் எழுதப் போறல்ல, அவரும் என்ட கடைக்கு வந்து போற மனிசன்தான். ஆனா களவு எண்ட சொல்லு வந்த பொறவு பேசாம இருக்க ஏலாது, வீட்டில பிள்ளையளும் அந்த மெசேஜக் கேட்டுட்டுதுகள்.

முதல்ல சாமான் மாத்திற கதை. விஎச்எப் செட்டத் திறந்தா உள்ளுக்க முக்கால்வாசியும் பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கிற அளவு சின்னச் சாமான், அதில ஒண்டக் கழட்டி வித்தா ஒரு தேத்தண்ணிக் காசும் வராது. பெறுமதி எண்டு சொல்ல உள்ளது அந்த 25 வொட்ஸ் தள்ளுற பவர் சாமான் ஒண்டுதான், அத மாத்தினா பழசப் பையில போட்டு பில்லோட சேத்துத்தான் இண்டுவரைக்கும் தந்திரிக்கன். உங்கட வீட்டு லாச்சியள்ள அந்தப் பழைய சாமான் இன்னமும் கிடக்கும், எடுத்துப் பாருங்க. மெசேஜ் போட்டவர்ர செட்டில நான் மாத்தினது மைக் வயரும் ஒரு பியூஸும் மட்டும்தான், பில்லில அப்பிடியே இரிக்கு.

மறுகா அந்தச் செட் ஏன் தூரத்துக்குக் கேக்கல்ல? மெசேஜ் வந்த அடுத்த நாள் வெள்ளனவே மீட்டரத் தூக்கிட்டு அவர்ர போட்டுக்கே போனன். செட்டுக்குப் பின்னால மீட்டரப் போட்டு மைக்க அமத்தினா 24 வொட்ஸ் வெளிய வருது, ஏரியல் கேபிளுட மத்த நுனியில பாத்தா 4 தான். எஸ்டபிள்யூஆர், அதாவது ஏரியலுக்குப் போறதில எவ்வளவு செட்டுக்கே திரும்பி வருது எண்டு காட்டுற கணக்கு, 5க்கு மேல நிக்கிது, ஒன்றரைக்குள்ள நிண்டாத்தான் நல்லம், 3 தாண்டினா செட்டுக்கே கூடாது. ஏரியல் அடியில சுத்தின டேப்ப உரிச்சி, பிளக்கக் கழட்டி, பிளேட்டால கேபிள் தோல ஒரு விரல் நீளத்துக்குக் கீறினன், உள்ளுக்க இருந்து தண்ணி சொட்டாவே விழுந்திச்சி. மினுங்க வேண்டிய செப்புப் பின்னல் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, விரலால தேய்ச்சா பொடியாக் கொட்டுது. இன்னும் அரை மீட்டர் வெட்டினன், அங்கயும் கறுப்பு. எஞ்சின் ரூமுக்குள்ள ரெண்டு துண்டக் கையால முறுக்கி டேப் சுத்தி வச்ச ஒரு மூட்டும் இரிந்த.

அதோட, முந்தி கெபின் கூரைக்கு மேல கம்பத்தில நிண்ட ஏரியல, வலை தட்டுது எண்டு பக்கத்துக் கம்பிக்கு இறக்கிப் போட்டாங்களாம். இத எல்லாரும் ஒருக்கா விளங்கிக்கொள்ளுங்க, விஎச்எப் நேர்கோட்டில போற அலை, கடல் வளைவுக்கு அங்கால போறது கஷ்டம். ரெண்டு போட்டிலயும் ஏரியல் 16 அடி உயரத்தில நிண்டா 10 கடல் மைல் சுத்து வரைக்கும் பேசலாம், ரெண்டையும் 4 அடிக்கு இறக்கினா 5தான், செட் எவ்வளவு திறமா இருந்தாலும் அவ்வளவுதான். வொட்ஸ் கூட்டுறத விட உயரம் கூட்டுறதுதான் பலன். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் புதுசா இருந்தாக்கூட 10 மீட்டருக்குள்ள வொட்ஸ்ல மூணில ஒரு பங்குக்குக் கிட்டத் திண்டிரும், ஏலுமெண்டா மொத்தமான ஆர்ஜி-213 போடுங்க.

இதில என்ட பிழையும் ஒண்டு இரிக்கு. செட்ட என்ட மேசையில, என்ட 13.8 வோல்ட் சப்ளையில, என்ட கூரை ஏரியல்ல போட்டுப் பாத்து "நல்லம்" எண்டு குடுத்துட்டன், போட்டில கேபிள் எப்பிடி, ஏரியல் எங்க நிக்கிது எண்டு ஒரு வார்த்தை கேக்கல்ல. கேட்டிருந்தா இந்தக் கதையே வந்திராது. அதுக்கு அவரிட்டயும் உங்களிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்.

இனி செட்டக் கழட்டிக்கொண்டு ஓடி வாறதுக்கு முதல் இதுகள ஒருக்காப் பாருங்க. ஸ்க்ரீன்ல 1 வொட் எண்டு காட்டினா லோ பவர்ல கிடக்கு, மைக்கில இரிக்கிற பட்டன் தெரியாம அமந்திருக்கும், இப்பிடி வந்த செட் எத்தினையோ சும்மா திருப்பிக் குடுத்திரிக்கன். மைக்க அமத்தேக்க லைட் மங்கினா, இல்லாட்டி செட் நிண்டு திரும்ப ஓன் ஆனா, அது செட்டுட பிழை இல்ல, பேசேக்க 5, 6 அம்பியர் இழுக்கும், வயர் மெலிசு, இல்லாட்டி பியூஸ் கூட்டில பச்சை பிடிச்சிரிக்கு. பெட்டரியில பாக்காம, மைக்க அமத்தி வச்சிக்கொண்டே செட்டுட பின்னால வோல்ட் பாருங்க. ராவையில மட்டும் இரைச்சல் எண்டா டெக் எல்இடி லைட்ட நிப்பாட்டிப் பாருங்க, இரைச்சல் போனா கள்ளன் லைட்டுதான். ஒருத்தர்ர மைக் அமந்தபடி கிடந்தா, ஆபத்துக்குக் கூப்பிடுற 16ஆம் சனல் எல்லாருக்கும் செத்துப் போயிரும், வாடைக்காத்து நேரத்தில இது உசிர் விசயம். ஏரியல் இல்லாம மைக்க அமத்தவே வேணாம்.

இந்த ரெண்டு கிழமையும் எனக்காகக் குரூப்பில பேசின ஆக்கள், நேர வந்து "நாங்க நம்பல்ல தம்பி" எண்டு சொன்ன அண்ணாமார், காக்காமார், ஓட்டமாவடியில இருந்தும் வாகரையில இருந்தும் போன் எடுத்த ஆக்கள், உங்கள மறக்க மாட்டன். 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போன நேரம் கடையப் பூட்டுவம் எண்டுதான் யோசிச்சன், கடனுக்குக் குடுத்த மைக்குக்குக்கூட மீன் வித்ததும் காசக் கொண்டுவந்து தந்தது நீங்கதான்.

இனி செட்டோட ஏரியல் கேபிளையும் கழட்டிக் கொண்டு வாங்க, கழட்ட ஏலாட்டி சனிக்கிழமை வெள்ளன நான் துறைமுகத்துக்கு வாறன், கடையில நிண்ட தம்பி கத்தாருக்குப் போனதால மத்த நாள்ள வர ஏலாது. வாற மாசம் முதலாம் திகதில இருந்து செக் பண்ண 1,500 ரூபா, பிழை இல்லாட்டியும்தான்.

மெசேஜில பேசின அந்த போட் முதலாளிக்குப் புதுக் கேபிள் போட்டாச்சு, ஏரியலும் திரும்பக் கூரைக்கு ஏறிட்டு. வெட்டின பழைய கேபிள் துண்டு என்ட மேசையில கிடக்கு, பாக்க விரும்புற ஆக்கள் எந்த நேரமும் வந்து பாக்கலாம்.