குன்னூர் வீட்டுக் கதவுக்கு பீடிங்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோக்களை உன் அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நடு அறைக் கதவைச் சுற்றிய பீடிங், அதாவது நிலையும் சுவரும் சேரும் இடத்தை மூடும் மரப்பட்டை, அப்படியே இருக்கிறது. சமையலறைப் பக்கம் இருந்ததை முன்னால் குடியிருந்தவர்கள் யாரோ பெயர்த்துவிட்டு பிளைவுட் பட்டையை அடித்து வைத்திருக்கிறார்கள். வந்து பார்த்த ஆசாரி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எம்.டி.எஃப்-இல் ரெடிமேட் பீடிங் போட்டுவிடலாம், வீடு முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று சொன்னாராமே. ஒரே மாதிரி இருக்கும், வாஸ்தவம்தான். ஐப்பசி மழைக்கு ஒரே மாதிரி உப்பவும் செய்யும். எம்.டி.எஃப் என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. தரையைத் தொடும் முனை ஈரம் குடித்தால் ஊதிவிடும், ஊதினது காய்ந்தாலும் அடங்காது. குன்னூர் மூடுபனியில் அதை யார் சொன்னாலும் போடாதே.

இருப்பதைக் கழற்ற வேண்டாம். இல்லாததை மட்டும் அதே மரத்தில், அதே வடிவத்தில் செய்து சேர்த்துக்கொள்வோம். பட்டைகளை உன் அப்பா இங்கே மேட்டுப்பாளையத்தில் அறுத்து இழைத்துத் தருவார். ஆனால் மூலை வெட்டுவதும் பொருத்துவதும் பாலிஷும் அங்கேதான் நடக்க வேண்டும். இங்கேயே எல்லாம் முடித்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்று நீ கேட்டாய். அது சரிப்படாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா சும்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைப்பாய்.

மரம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும், அறுத்து நூறு வருடம் ஆனாலும். நீளத்தில் அது ஏறக்குறைய அசையாது. அகலத்தில்தான் அசையும். தேக்கு இதில் ரொம்ப அடக்கமான மரம். பச்சை மரம் முழுக்கக் காயும்போதுகூட அகலத்தில் அதிகபட்சம் 6 சதவீதம் போலத்தான் சுருங்கும். ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை என்றால் அதிலும் பாதிதான். ஆனாலும் அசையும். மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த கட்டையை 45 டிகிரியில் வெட்டி ஒட்டி, அங்கே கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அகலம் கூடும், நீளம் கூடாது. அப்போது அந்த 45, 45-ஆக இருக்காது. உள்முனை இரண்டும் முட்டிக்கொள்ளும், வெளிமுனை வாய் பிளக்கும். தை, மாசியில் காய்ந்தால் இதற்கு நேர்மாறு, உள்பக்கம் திறக்கும். மூலையில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி அடைத்திருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! பசை கலந்த இடத்தில் பாலிஷ் இறங்காது, அந்தக் கோடு தனியாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் உன் அப்பா அந்தப் போட்டோவை அப்படிப் பெரிதாக்கிப் பார்த்தார். உன் வீட்டுக் கதவு மூலைகளில் 45 வெட்டே இல்லை. மூலைக்கு ஒரு சதுரக் கட்டை, நடுவில் வட்டமாகக் கடைந்தது. இரண்டு பக்கக் கால்களும் மேல்பட்டையும் அந்தக் கட்டையில் நேராக வந்து முட்டி நிற்கின்றன. கட்டை பட்டையைவிடக் கொஞ்சம் அகலம், கொஞ்சம் கனம். பட்டை ஒரு நூல் விரிந்தாலும் சுருங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் இதை அழகுக்கு வைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழகுதான், ஆனால் வேலை தெரிந்தவன் வைத்த அழகு. புதிதாகச் செய்வதும் அப்படியேதான் இருக்கும். 45 வெட்டுத்தான் நீட்டாக இருக்கும் என்று உங்கள் ஆசாரி சொன்னால், அப்பாவுக்கு போன் போட்டுக் கொடு.

வடிவத்துக்கு வருகிறேன். பட்டையின் முகத்தில் ஓடும் அந்த மோல்டிங்குக்கு ரூட்டர் மெஷின் பிட் (வடிவம் வெட்டும் அலகு) கடையில் கிடைக்காது. ஒரு உருண்டை, ஒரு பள்ளம், அப்புறம் ஒரு சின்னப் படி. அந்தப் பள்ளத்தின் அளவு இப்போது யாரும் போடுவதில்லை. அதற்கு அப்பா இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடுதான் எடுப்பார். உடைந்த பிளேடுத் துண்டில் மோல்டிங்கின் எதிர் வடிவத்தை அரத்தால் ராவி எடுத்து, இரண்டு கட்டைக்கு நடுவில் இறுக்கிக்கொள்வார். பட்டையில் முதலில் இழைப்புளியால் படிப்படியாக இறக்கி, கடைசியில் இந்தத் தகட்டை வைத்து முன்னும் பின்னுமாகச் சுரண்டினால் வடிவம் வந்துவிடும். வெட்டாமல் சுரண்டுவதால் ரேகை எதிர்த்து வரும் இடத்திலும் மரம் பிய்யாது. ஒரு கதவுக்கு மூன்று பட்டைதான், ஒரு சாயங்காலத்து வேலை என்று சொல்கிறார். அவர் சாயங்காலங்கள் எனக்குத் தெரியும்.

ஆனால் வடிவம் சரியாகக் கிடைக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் பாதியாக உடைந்து நிற்கும் துண்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி பஸ்ஸில் கொடுத்து அனுப்பு. வராவிட்டால் நெம்பாதே. அந்தத் துண்டின் குறுக்கே மெல்லிய பல் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, அதில் ஒரு தடித்த அட்டையைச் செருகி, மோல்டிங் ஓரமாகப் பென்சில் ஓட்டு. முன்னே படிந்திருக்கும் பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டுச் செய். இல்லாவிட்டால் பள்ளத்தில் படிந்த பாலிஷையும் சேர்த்து அப்பா வடிவம் எடுத்துவிடப் போகிறார்.

மரம் பழைய மரமாகவே கிடைத்தால் நல்லது. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் பழைய உத்திரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பர்மா தேக்கு என்று சொல்லி விற்பதை எல்லாம் நம்புவதில்லை. 2014 ஏப்ரலோடு மியான்மர் அறுக்காத உருட்டு மரத்தின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, அதற்கப்புறமும் ஊருக்கு ஊர் பர்மா தேக்கு எங்கிருந்து வருகிறதாம்? நிலம்பூர்த் தேக்கு கிடைத்தால் சந்தோஷம். அங்கே கலெக்டர் கானலி 1840-களில் நட வைத்த தோட்டத்தில் சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. கல்யாணமான புதிதில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், மற்றவர்கள் ஊட்டிக்குப் போவார்கள். எந்தத் தேக்கு ஆனாலும் வைரப் பகுதி மட்டும்தான் வேண்டும். ஓரத்து வெள்ளை உளுத்துப்போகும்.

பட்டைகள் வந்ததும் உடனே ஆணி அடிக்க விடாதே. எந்த அறையில் மாட்டப் போகிறாயோ அந்த அறையிலேயே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். சுவரில் சாய்த்து வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். பின்பக்கத்தில் அப்பா நீளவாட்டில் ஆழமில்லாத ஒரு பள்ளம் எடுத்திருப்பார். உங்கள் சுண்ணாம்புச் சுவர் மேடும் குழியுமாக இருக்கும், அந்தப் பள்ளம் இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவரில் உட்காரும். நிலையின் விளிம்போடு விளிம்பாக வைக்கச் சொல்லாதே, அரை சென்டிமீட்டர் சுவர்ப் பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். நிலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கண் அதைக் கண்டுபிடிக்காது. பழைய ஆணி இருந்த இடத்திலேயே ஆணி அடிக்கச் சொல், அந்தக் காலத்துச் சுவர்களில் பல இடங்களில் உள்ளே மர ஆப்பு புதைத்திருப்பார்கள்.

இனி என் வேலை. பட்டறையில் இழைப்பு அவருடையது, தேய்ப்பும் பாலிஷும் என்னுடையது, அது உனக்கே தெரியும். பாலிஷ் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. கெட்டியாகப் படியும் ரசாயனப் பாலிஷான மெலமைன் அடித்துவிட்டால் தொல்லை இல்லை என்பார். முதலில் பழைய பீடிங்கில் கண்ணில் படாத மூலையில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொட்டுப் பார். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ். நான் பார்த்தவரை அரக்காகத்தான் இருக்கும். அப்படி என்றால் பழையதைச் சுரண்டவே வேண்டாம். மேலே லேசாகத் தேய்த்துப் புது அரக்கு இழுத்தால் பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். மெலமைனில் அது நடக்காது, உரிய ஆரம்பித்தால் அடியோடு எடுக்க வேண்டும்.

புதுப் பட்டைக்கு உப்புத்தாள் 120, 180, 220 என்று வரிசையாக, ரேகையோடு மட்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் போட்ட பிறகு கீறலாக எழுந்து நிற்கும். அப்புறம் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடு. மரத்தின் நார் சிலிர்த்து நிற்கும், அதை 220-ஆல் மெல்லத் தட்டிவிடு. மூக்கில் மாஸ்க் போட்டுக்கொள், தேக்குத் தூள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மலும் அரிப்பும் வரும். நிறத்துக்கு அவசரப்பட்டு ஸ்டெயின் பூசாதே. புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் பழுப்புமாக வரிவரியாகத் தெரியும், சில வாரம் வெளிச்சம் பட்டால் தானே பொன்னிறமாகச் சேர்ந்துவிடும். இன்னும் வித்தியாசம் இருந்தால் அரக்கிலேயே நிறம் கலந்து தருகிறேன்.

அரக்குச் செதில் 120 கிராம், ஸ்பிரிட் ஒரு லிட்டர், முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டு வடிகட்டிக்கொள். பழைய கரைசலை வாங்கிவிடாதே, நாள்பட்டது காயவே காயாது. பின்பக்கம், வெட்டுமுனை எல்லாவற்றுக்கும் மாட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு கை இழுத்துவிட வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசி, பின்பக்கம் ஈரம் குடித்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும். மூடுபனி இறங்கிய நேரத்தில் பாலிஷைத் தொடாதே. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். உங்கள் ஊரில் தை, மாசியில் வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் நிறுத்திவிடு.

ஒரு இடத்தில் உன் அப்பா சொல்வது சரி. அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்கும் சன்னல் பலகையும் மாப் தண்ணீரும் மழைச் சாரலும் படும் இடம், அங்கே அரக்கு நிற்காது. அதற்கு மட்டும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்துக்கொள். இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

படுக்கையறைச் சன்னல் பச்சை பெயிண்டை நீயே தேய்த்து எடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். தேய்க்காதே, கண்ணு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற கட்டுப்பாடே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்த் தேய்ப்பில் வரும் தூள் தரையில் படியும், பாப்பா தவழ்ந்துகொண்டு கையை வாயில் வைக்கும் வயது. பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் மேலேயே ஒரு கோட் அடித்து மூடிவிடு. உரிகிறது என்றால் பாப்பாவை ஒரு வாரம் இங்கே அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டி, தூள் காய்வதற்குள் ஈரத்துணியால் அள்ளிப் பையில் கட்டு. விளக்குமாறு வேண்டாம். அனுப்புவதற்கு பெயிண்ட்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

சமையலறைக் கதவின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாகவும் எடு. எல்லாம் மில்லிமீட்டரில். மூலைக் கட்டையின் அகலமும் கனமும் வேண்டும். புதன்கிழமைக்குள் போனில் அனுப்பிவிடு, வியாழக்கிழமை அப்பா அறுவை மில்லுக்குப் போகிறார்.

அன்புடன்,
அம்மா