துரை பங்களா மரம்

நுவரெலியா

அன்புள்ள மச்சான்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு ஹட்டனில் வேலை கிடைத்துவிட்டது. மழை விட்டபாடில்லை. மரக்கறி விலையை மட்டும் கேட்காதே.

டொரொன்டோவில் உன் வாசலில் நிற்கிற கிராப் அப்பிள் மரத்தைப் பார்த்ததும் நம் துரை பங்களாதான் ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றதே, அதே சாதி. நெல்லிக்காய் அளவுக் காயைத் திருடித் தின்றுவிட்டு, பல் கூசி இரண்டு நாள் சோறு மெல்ல முடியாமல் கிடந்தாய்!

அந்த மரத்தோடு அப்பா பட்ட பாடு உனக்குத் தெரியாது. உங்கள் ஊரில் இலை தானாக உதிர்கிறது, குளிரில் மரம் உறங்குகிறது, மே மாதம் விழித்துப் பூக்கிறது. அப்பிள் சாதிக்கு அப்படி நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் வேண்டும், 7 பாகைக்குக் கீழே. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்தான், ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்து கருகுகிற மாதிரி உறைபனி விழும்தான். ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நாமே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறோமே! உறங்குவதா வேண்டாமா என்று புரியாமல் மரம் முழிக்கும். ஒரு கிளையில் பழுத்த இலை, இன்னொன்றில் தளிர், எங்கோ நாலு பூ.

அதனால் அப்பா ஏணி வைத்து ஏறி, இலை முழுவதையும் கையாலேயே உருவிவிடுவார். முதல் தடவை பெரிய துரை பைத்தியமா என்று கத்தினாராம். சில வாரத்தில் மொட்டு வந்தது. மொட்டில் கடும் ரோஸ், விரிந்தால் வெள்ளை, ஐந்தே இதழ். அதற்கப்புறம் துரை வாய் திறக்கவில்லை. ஜாவாவில் மலாங் பக்கத்து மலைகளில் இப்படி இலை உருவித்தான் வருடத்துக்கு இரண்டு போகம் அப்பிள் எடுக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். அப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பூ குறைவு என்கிறாய். போன செப்டம்பரில் கிளைகளை வெட்டி அழகுபடுத்தியதாகவும் நீயே எழுதியிருக்கிறாய். பூவையும் சேர்த்தே வெட்டியிருக்கிறாய், மச்சான்! அடுத்த மே மாதத்து மொட்டு முந்தின கோடையிலேயே குட்டைக் கிளைகளில் உருவாகிவிடும். வெட்டுவதென்றால் பூ உதிர்ந்த கையோடு வெட்டு. இலையில் கரும்புள்ளி இருந்தால் அது சொறி நோய். விழுந்த சருகில்தான் அந்தப் பூஞ்சணம் குளிர்காலத்தைக் கழிக்கும், ஒன்று விடாமல் கூட்டி அள்ளிவிடு.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பங்களா இப்போது ஹோட்டல். மரம் நின்ற இடத்தில் வேன்கள் நிற்கின்றன. கேட்டதற்கு, “இங்கே மரம் இருந்ததா?” என்றான் காவலாளிப் பையன்.

விதை அனுப்புகிறேன் என்று கிளம்பிவிடாதே. விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், அப்படியே முளைத்தாலும் தாய்மரம் மாதிரி வராது. ஜனவரியில் பனிக்குள் அந்தச் சிவப்புக் காய்கள் தொங்குவதை, குருவி வந்து தின்று தீர்ப்பதற்குள் படம் எடுத்து அனுப்பு. என் வாசலில் ஒரு பியர்ஸ், அதுதான் பேரிக்காய், மரம் இருக்கிறது. அதே ஜனவரியில் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் இலை உருவிப் பார்க்கப் போகிறேன். ஏணியைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் மச்சான்