சனிக்கிழமை நீதான் ஆர்டர் கொடுக்கிறாய்

அன்புள்ள கயலுக்கு,

ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேரோடு சனிக்கிழமை ராத்திரி தாய்லாந்து ஹோட்டலுக்குப் போவதாகவும், ஆர்டர் கொடுக்கும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஒருவர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொருவர் காரம் என்றாலே ஓடுவார். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்த ஊர்ச் சாப்பாட்டில் ஆளுக்கொரு தட்டு என்பது, தனியாளாகப் போய்ச் சாப்பிடும் நூடுல்ஸுக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்கும் சரி. கூட்டமாக உட்கார்ந்தால் நடுவில் சோறு, சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவாக நாலைந்து பதார்த்தங்கள். ஒன்று உப்புத் தூக்கலாக இருக்கும், ஒன்று நாக்கைச் சுருட்டும் புளிப்பு, ஒன்று தேங்காய்ப்பாலின் கொழுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சமநிலையில் இருக்காது. மேசை மொத்தமும் சேர்ந்துதான் சமநிலை. ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டு, "ஒரே புளிப்பு", "ஒரே இனிப்பு" என்று முகம் சுளிப்பதெல்லாம் இது தெரியாததால்தான்.

ஆறு பேருக்கு ஐந்து பதார்த்தமும் சோறும் சொல். போதாவிட்டால் நடுவில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், வாணலியில் பிரட்டும் எதுவும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஐந்தும் ஐந்து விதமாக இருக்கட்டும்: ஒரு சூப், ஒரு குழம்பு, ஒரு பிரட்டல், புளிப்பும் காரமுமாக ஒரு சாலட், காரமே இல்லாத ஒன்று. பெரும்பாலோர் சறுக்குவது தேங்காய்ப்பாலில். தோம் கா சூப், பச்சைக் குழம்பு, மசமன் குழம்பு மூன்றையும் ஒரே மேசைக்குச் சொல்வார்கள். மூன்றும் தேங்காய்ப்பால்; நாலாவது வாய்க்கே திகட்டிவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்தது ஒன்றே ஒன்று போதும். குழம்பு அப்படியென்றால் சூப் தோம் யாமாக இருக்கட்டும். அதிலும் இரண்டு வகை உண்டு: தெளிந்த ரசத்துக்கு 'நாம் சாய்', பாலும் மிளகாய் விழுதும் சேர்ந்த கெட்டியானதற்கு 'நாம் கோன்'. நீ தெளிந்ததைக் கேள்.

தோம் யாம் நடுவில் புகைபோக்கி வைத்த பாத்திரத்தில், அடியில் தீயோடு வரலாம். பார்க்க அழகு, ஆனால் எலுமிச்சைச் சாறு கொதித்தால் வாசனை போய்க் கசப்பு தட்டும். நல்ல சமையல்காரர் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் சாறு விடுவார். மேசையில் வைத்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் அவர் செய்தது வீண். எல்லாரும் ஒரு கிண்ணம் எடுத்ததும் தீயை அணைக்கச் சொல். மிதக்கும் எலுமிச்சைப் புல், பேரரத்தைத் துண்டு, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றும் வாசனைக்கு மட்டும். மெல்லக் கூடாது, ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். புதிதாக வருபவர் பேரரத்தையைக் கடித்துவிட்டுக் கண் கலங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு.

இனி சைவக்காரர். இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் மெனுவில் 'காய்கறி', 'டோஃபு' என்று எழுதியிருப்பதை நம்ப முடியாது. உப்புக்குப் பதில் மீன் சாஸ்தான். அதற்கு நாம் பிளா என்று பெயர். பச்சை, சிவப்புக் குழம்பு விழுதுகளில் கபி என்கிற இறால் விழுது அரைபட்டே இருக்கும். தோம் யாமில் போடும் வறுத்த மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் உலர்ந்த இறால் உண்டு. வள்ளைக்கீரைப் பிரட்டல் பார்க்கச் சுத்த சைவமாகத் தெரியும், அதில் சிப்பி சாஸ் போயிருக்கும். ஆக, "மாமிசம் வேண்டாம்" என்று சொன்னால் கோழித் துண்டை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே வரும். சமையலறையைக் குறை சொல்ல முடியாது. கேட்டதை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

சொல்ல வேண்டிய வார்த்தை 'ஜே'. சீன பௌத்த வழக்கத்திலிருந்து வந்த முழுச் சைவம் அது: மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடைகள் இந்த வகை. 'மங்சவிரட்' என்றால் பொதுவான சைவம். முட்டையும் பாலும் சேரலாம், சில சமையலறைகளில் மீன் சாஸும் நுழைந்துவிடும். பூண்டு சாப்பிடும் சைவருக்கு 'ஜே' என்றால் சமையல் கொஞ்சம் சப்பென்று போகும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பொருளைச் சொல்லிக் கேள்: மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது மூன்றும் வேண்டாம், பூண்டு போடலாம், உப்புக்கு சோயா சாஸ்.

இதை சனிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் கேட்காதே. வியாழனோ வெள்ளியோ மதியக் கூட்டம் அடங்கிய பிறகு, மூன்று மணிக்கு மேல் போன் பண்ணு. "குழம்பு விழுது இங்கேயே அரைக்கிறீர்களா, டப்பாவில் வாங்குகிறீர்களா?" என்று கேள். இங்கேயே அரைத்தால் இறால் சேர்க்காமல் ஒரு பங்கு எடுத்துவைக்க முடியும். டப்பா என்றால் மேலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொல். இறால் இல்லாத டப்பாவும் கிடைக்கிறது. யோசிக்காமல் "நோ ப்ராப்ளம்" என்று பதில் வந்தால் அங்கே குழம்பை விட்டுவிடு. அவருக்கு டோஃபுவும் திருநீற்றுப்பச்சிலையும் சோயா சாஸில் தனியாகப் பிரட்டித் தரச் சொல்வது மேல்.

வேர்க்கடலை ஆகாதவர் விஷயம் விளையாட்டில்லை. "எனக்குக் கடலை பிடிக்காது" என்று சொன்னால் மேலே தூவுவதை மட்டும் நிறுத்துவார்கள். 'அலர்ஜி' என்ற வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி, பரிமாறுபவர் கையில் கொடுத்து, சமையலறைக்குப் போகச் சொல். கடலை எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தெரியுமா? பாட் தாய் நூடுல்ஸ், சாத்தே சாஸ், மசமன் எல்லாருக்கும் தெரிந்தவை. பனேங் குழம்பு விழுதில் அரைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. தேங்காய் ஐஸ்கிரீம் மேலும் தூவுவார்கள். மோசமானது சோம் தாம், அதாவது பப்பாளிக்காய் சாலட். எல்லாத் தட்டும் ஒரே உரலில்தான் இடிபடும். கடலை போடாத தட்டிலும் முன்னால் இடித்ததன் துகள் இருக்கும். அவருக்குக் கடுமையான அலர்ஜி என்றால் அந்த மேசைக்குச் சோம் தாமே வேண்டாம்; சாலட்டுக்கு கிளாஸ் நூடுல்ஸ் யாம் சொல், கடலை போடவேண்டாம் என்று சொல்லி. அவரே மருந்து ஊசி கொண்டுவருகிறாரா என்று முன்னாலேயே கேட்டுவை. கூச்சப்படாதே.

காரத்தைப் பற்றி. 'பெட் நோய்' என்றால் கொஞ்சம் காரம், 'மாய் பெட்' என்றால் காரம் வேண்டாம். ஆனால் எல்லாவற்றிலும் குறைக்க முடியாது. அப்போதே இடித்து, அப்போதே பிரட்டுவதில் மிளகாயை எண்ணிப் போடலாம். சோம் தாமுக்கு எத்தனை மிளகாய் என்றே கேட்பார்கள். குழம்பு விழுது முன்பே அரைத்தது. காரமில்லாத பச்சைக் குழம்பு கேட்டால் விழுதைக் குறைத்து, தேங்காய்ப்பாலையும் சர்க்கரையையும் கூட்டித் தருவார்கள், பாயசம் மாதிரி இருக்கும். காரம் ஆகாதவருக்கு மசமன்தான் சரி, ஆனால் உன் மேசையில் கடலைக்காரர் இருக்கிறார். ஆகவே காரமில்லாத ஒன்றாக முட்டைப் பொரியடை சொல்லிவிடு. காய் ஜியாவ் என்பார்கள், நிறைய எண்ணெயில் ஓரம் மொறுமொறுவென்று பொரிந்து வரும், காரத்துக்கு நடுவில் எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள். மீன் சாஸ் சேர்ந்திருக்கும், சைவர் பக்கம் வைக்காதே.

வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை. மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். சோறு, வெள்ளரி, பச்சை முட்டைக்கோஸ், பால் சேர்ந்த பானம் இவைதான் ஆற்றும். காரம் விரும்புகிறவர்கள் மேசையிலிருக்கும் நாலு கிண்ணத்திலிருந்து கூட்டிக்கொள்ளட்டும்: மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர், சர்க்கரை. அவை நூடுல்ஸுக்காக வைத்தவை. சர்க்கரையைப் பார்த்துச் சிரிக்காதே, அரைக் கரண்டி போட்டால் புளிப்பு அடங்கும்.

பச்சைக் குழம்பு வந்ததும் கரண்டி போடுவதற்கு முன்னால் மேல்பரப்பைப் பார். தேங்காய்ப்பாலின் கெட்டியை முதலில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்த பிறகு அதில் விழுதை வதக்கினால், குழம்பின் மேலே பச்சை நிறத்தில் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். அதுதான் சரியான கை. குழம்பு நீர்க்க இருக்கும், வெளிறிய பச்சையாக இருக்கும். கூழ் மாதிரி கெட்டியாக ஒரே சீராக இருந்தால் மாவு கரைத்து விட்டிருக்கிறார்கள். உள்ளே சுண்டைக்காய் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கசப்புதான் தேங்காயின் இனிப்பை வெட்டும். பச்சைப் பட்டாணியும் குடமிளகாயும் கிடந்தால், அந்தச் சமையலறை கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறது என்று அர்த்தம்.

பிரட்டலுக்குப் பாட் கிரபாவ் சொல்லலாம். கிரபாவ் என்பது துளசி; அந்தக் காரமான வாசனை வேறு எதற்கும் வராது. பல ஊர்களில் துளசி கிடைக்காமல் ஹோரபா என்கிற திருநீற்றுப்பச்சிலையைப் போட்டு அதே பெயரில் விற்கிறார்கள். அதுவும் ருசிதான், ஆனால் வேறு பதார்த்தம். "கிரபாவ் இலையா, ஹோரபா இலையா?" என்று கேட்டுப் பார். பதில் சொல்லத் தெரிந்தவர் இருக்கும் ஹோட்டலில் மற்றதையும் நம்பிச் சொல்லலாம். வாசலில் 'தாய் செலக்ட்' முத்திரை இருந்தால் அது தாய்லாந்து வணிக அமைச்சகம் தருவது. நல்ல அறிகுறிதான், ஆனால் நான் அதைவிட மெனுவைத்தான் பார்ப்பேன். நூற்றைம்பது பதார்த்தமும் கூடவே சூஷியும் இருந்தால் பாதி ஃப்ரீஸரிலிருந்து வருகிறது.

யாராவது கட்டாயம் பாட் தாய் கேட்பார்கள். பிபுன் சோங்கிராம் பிரதமராக இருந்த காலத்தில் (1938–44) அரசே ஊக்கம் கொடுத்துப் பரப்பிய நூடுல்ஸ் அது, தனித் தட்டுச் சாப்பாடு, சோற்றோடு சேராது. ஆறு பேரும் ஆறு பாட் தாய் சொல்வதுதான் பெரிய தப்பு. 3 மில்லிமீட்டர் அகல அரிசி நூடுல்ஸை வெந்நீரில் வேகவைக்காமல் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, வாணலியிலேயே புளி, மீன் சாஸ், வெல்லக் கரைசலில் வேகவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு. ஆறையும் சேர்த்துப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் ஆவியில் குழைந்து கட்டியாகிவிடும். கேட்டால் ஒரே ஒரு தட்டு சொல், பங்கிடுங்கள். கடலையைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்வது அலர்ஜிக்காரருக்குப் போதாது, வாணலி ஒன்றுதான். பாட் தாய்த் தட்டையே மேசையின் மறுகோடியில் வை. தட்டு பழுப்பாக இருக்க வேண்டும். செக்கச் சிவந்திருந்தால் அது கெச்சப்.

சாப்பிடும் முறை எளிது. வலது கையில் கரண்டி, இடது கையில் ஃபோர்க். ஃபோர்க்கால் கரண்டிக்குள் தள்ளுவதுதான், வாய்க்குள் போவது கரண்டி. சாப்ஸ்டிக் குச்சிகள், நூடுல்ஸ் சூப்புக்கு மட்டும். தட்டில் ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம், இரண்டு கரண்டி. எல்லாவற்றையும் குவித்தால் எதன் ருசியும் தெரியாது. ஒட்டரிசி வாங்கினால் கையால் உருட்டி, லாப் என்கிற கொத்து மாமிச சாலட், சுட்ட கோழி, சோம் தாமோடு சாப்பிட வேண்டும். குழம்புக்கு மல்லிகை அரிசிச் சோறு. ஒட்டரிசி குழம்பை உறிஞ்சாது. அது வரும் கூடையின் மூடியைத் திறந்தே வைத்தால் பத்து நிமிடத்தில் காய்ந்து கல்லாகும். லாப் சொல்லும்போது வெந்ததா என்று கேட்டுக்கொள், பச்சை மாமிசத்தில் செய்வதும் உண்டு. அது வேண்டவே வேண்டாம்.

பிறகு கஃபே போவீர்கள். ஆரஞ்சு நிறத்து ஐஸ் தேநீரான சா யென் கேட்பார்கள்; அந்த நிறம் தேயிலைத் தூளில் சேர்த்த சாயம், பயப்பட ஒன்றுமில்லை. கன்டென்ஸ்டு மில்க்கும் சர்க்கரையும் தம்ளர் நிறைய ஐஸ் உருகும் என்ற கணக்கில் போட்டது. "ஐஸ் குறைவாக" என்று கேட்டால் இனிப்பு தலைக்கேறும். 'வான் நோய்', இனிப்பு குறைவாக, என்று கேள். காலையிலேயே மொத்தமாகக் கலந்து வைத்திருந்தால் குறைக்க முடியாது. அப்போது பால் சேராத எலுமிச்சைத் தேநீர், சா மனாவ், சொல்லிவிடு. நீல நிறத்தில் வருவது சங்குப்பூ. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். வேடிக்கைதான், ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை.

மாம்பழ ஒட்டரிசி சொல்வதற்கு முன்னால் ஒரே கேள்வி: "அரிசி இன்றைக்கு அவித்ததா?" மணிக்கணக்கில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, சூட்டோடு சர்க்கரையும் உப்பும் சேர்ந்த தேங்காய்ப்பாலில் கலந்து மூடிவைத்தால் மணி மணியாகப் பளபளக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும், மைக்ரோவேவில் காட்டினாலும் முன்போல் வராது. மேலே ஊற்றும் தேங்காய்ப்பாலில் உப்புக் கரிப்பு இருக்க வேண்டும். வெறும் இனிப்பாக இருந்தால் இரண்டாவது வாய் இறங்காது. வறுத்த பாசிப்பருப்பு தூவித் தருவார்கள். அது கடலை இல்லை என்று அலர்ஜிக்காரருக்கு நீயாகச் சொல்லாதே, கடைக்காரரைச் சொல்லவை.

மிச்சமானால் குழம்பைக் கட்டி வாங்கு, மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சோம் தாம், தோம் யாம், பொரித்தது எதையும் கட்டாதே. சோற்றை வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வை, அசதியில் மேசையில் விட்டுவிட்டுத் தூங்கிவிடாதே. போன் பண்ணிக் கேட்டதில் விழுதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று வெள்ளி ராத்திரி எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
அம்மா