சிவப்பு ஜட்டி விவகாரம்

மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். பிள்ளையார் நோன்புக்கு நீ இழை எடுத்துக்க, அதான் மாவில் எரியும் நூல்திரியைச் சுடரோடு வாயில் போட, வருவாய் என்று ஆச்சி ஊரெல்லாம் சொல்லிட்டாக. இனி நீ தப்பிக்க முடியாது. தேவகோட்டையான் இன்னும் அந்த புல்லட்டைத் தள்ளிக்கொண்டுதான் போகிறான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

2024 டிசம்பர் 19 அன்று வந்த, ஜேம்ஸ் கன் இயக்கும் சூப்பர்மேன் படத்தின் டீசருக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் முழுக்க வசவு. "எடுத்த எடுப்பிலேயே அடிபட்டுக் கிடக்கிறான், இவனெல்லாம் சூப்பர்மேனா?" அதைப் போனில் பார்த்துவிட்டுத்தானே பேசுகிறாய்? கம்ப்யூட்டரில் போடு. உன் திரை சாதாரண ஹெச்டியாக இருந்தாலும் யூடியூப் தரத்தை 4கே என்று வை. அதில் அதிக டேட்டா வருவதால் பனி, புகை, இருட்டு எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறாது. நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி பொத்தானைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் போகும், கமா பொத்தானைத் தட்டினால் பின்னால் வரும். வினாடிக்கு 24 ஃபிரேம். காதில் ஹெட்போன் கட்டாயம்.

இப்போது அந்தப் பனிக்காட்சியைப் பார். உதட்டில் ரத்தம், மூச்சு இழுக்கிறது, எழ முடியவில்லை. ஒரு விசில் அடிக்கிறான். தொலைவில் பனியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கோடு வருகிறது, அதுதான் சூப்பர்மேனின் நாய் க்ரிப்டோ. 1955-இல் காமிக்ஸில் வந்த நாய், உனக்குத் தெரியாததா! இது கணினியில் செய்த நாய். ஜேம்ஸ் கன் தன் வீட்டு நாய் ஓசுவைப் பார்த்து உருவாக்கியது. இப்படிக் கணினியில் செய்த (சிஜி) நாய் தோற்பது பெரும்பாலும் முகத்தில் இல்லை, பாதத்தில். கால் பதியும் இடத்தில் பனி அமுங்க வேண்டும், கிளம்பிய தூள் நிழலுக்குள் விழ வேண்டும், உடம்பின் கனம் தோளில் தெரிய வேண்டும். அந்த இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார், பிறகு திட்டு. அடிபட்டவனை அது அங்கியைக் கவ்வி இழுத்துப் போகிறதே, அங்கேதான் கன் தன் படம் என்ன என்று சொல்லிவிட்டார். எதுவும் தைக்காத ஆளுக்கு என்ன ஆபத்தைக் காட்டினாலும் நமக்குப் பதறாது. அதனால்தான் முதல் ஷாட்டிலேயே உடைத்துக் காட்டுகிறார்.

இசையைக் கவனித்தாயா? 1978 சூப்பர்மேன் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட அதே மெட்டு, வேகத்தைக் குறைத்து எலெக்ட்ரிக் கிட்டாரில். பித்தளை வாத்தியத்தில் அது வெற்றி முழக்கம், இங்கே ஏக்கமாகிவிட்டது. பேச்சே அதிகம் இல்லாத டீசரைத் தூக்கி நிறுத்துவது இதுதான்.

சூப்பர்மேன் உடைக்கு மேலே போடும் சிவப்பு ஜட்டிக்கு வருகிறேன். 2013 படத்தில் இயக்குநர் ஸ்னைடர் கழற்றியதை இவர்கள் திரும்ப மாட்டிவிட்டார்கள் என்று கேலி செய்கிறாய். கன்னே முதலில் தயங்கினாராம். சூப்பர்மேனாக நடிக்கும் டேவிட் கோரன்ஸ்வெட்தான், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து கண்ணால் நெருப்புக் கக்குகிறவனைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படக் கூடாது, அதற்கு இந்தக் கோமாளி உடைதான் சரி என்று சொல்லியிருக்கிறார். துணி சுருங்குகிறது என்று நீ சொல்வதும் குறையில்லை. ரப்பர் தசை ஒட்டிய உடைகளைப் பார்த்துப் பார்த்து நம் கண் கெட்டுப்போயிற்று.

எனக்குள்ள பயம் வேறு. கை கார்ட்னர், ஹாக்கேர்ல், மிஸ்டர் டெரிஃபிக், மெட்டமார்ஃபோ என்று ஒரே படத்தில் இத்தனை சூப்பர்ஹீரோக்கள். போதாததற்கு வில்லன் லெக்ஸ் லூதர், நெருப்புக் கக்கும் பிரம்மாண்ட மிருகம். கல்யாணப் பந்தியில் இலை கொள்ளாமல் பரிமாறினால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது. காதலி லோயிஸும் கிளார்க்கும் (சூப்பர்மேனின் சாதாரண வாழ்க்கைப் பெயர்) பேசிக்கொள்ள நேரம் இருக்குமா? லோயிஸாக நடிக்க ரேச்சல் பிராஸ்னஹனைக் கூட்டி வந்து இரண்டு முத்தக்காட்சியோடு அனுப்பினால் பெரிய பாவம்.

அதற்காக டீசரை வைத்துக் கதையை எழுதிவிடாதே. கதை இப்படித்தான் போகும் என்று நீ சொல்லும் ஏழு பாயிண்ட் தியரியைக் கொப்பனாபட்டி மாமாவிடம் சொல்லிக்கொள். மார்வெலின் இன்ஃபினிட்டி வார் பட டிரெய்லரில் வகாண்டாவில் ஓடிய ஹல்க் படத்தில் இல்லவே இல்லை. அவர்களின் இன்னொரு படமான தோர்: ராக்னராக் டிரெய்லரில் தோருக்கு இரண்டு கண்ணும் இருந்தன. படத்தில் அதே சண்டைக்குள் ஒரு கண் போய்விட்டது. வேண்டுமென்றே கணினியில் வரைந்து மறைப்பார்கள். வசனத்திலும் ஏமாற்று உண்டு: பேசுகிறவர் வாய் திரையில் தெரியாவிட்டால், அந்த வரி வேறு காட்சியிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். அதோடு, இந்த மாதிரிப் படங்களில் சிஜி வேலை வெளியீட்டுக்குச் சில வாரம் முன்புவரை ஓடும். படம் வருவது 2025 ஜூலை 11. இன்று தெரியும் கரடுமுரடு அன்றும் இருந்தால் அப்போது சண்டை போடலாம்.

டிக்கெட் நீயே போடு, மதுரையிலோ திருச்சியிலோ. 3டி வேண்டாம். கண்ணாடி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதில் புரொஜெக்டர் விளக்கும் பழசாக இருந்தால் பனிக்காட்சி சாம்பல் மூட்டை மாதிரிதான் தெரியும். தமிழ் டப்பிங்குக்குப் பிள்ளைகளோடு இன்னொரு நாள் போகலாம், உதட்டசைவுக்குப் பொருந்த வசனத்தை எப்படி ஒடித்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

நோன்புக்கு வரும்போது அந்த ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கொண்டு வா. இந்த முறையும் "பையில வச்சேனே" என்றால் ஆச்சியிடம் பழைய கணக்கையெல்லாம் எடுத்துவிடுவேன்.

உன்,
வளவுக்காரன்