தலைமையகத்தை நகர்த்துவதற்கு முன் எண்ண வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பொது நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மைப் பணியகத்தின் (பிஎல்எம்) தலைமையகம் வாஷிங்டனில் இருப்பது வீண், மேற்கே நிலத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் கட்டுரை ஒன்று வாதிட்டிருந்தது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. பணியகத்தின் கையில் இருக்கும் சுமார் 24.5 கோடி ஏக்கரில் பெரும்பகுதி 11 மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும்தான் கிடக்கிறது. ஆனால் இதை ஒருமுறை செய்தே பார்த்துவிட்டார்கள். அப்போது என்ன ஆனது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது.

2019 ஜூலையில் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் நகரைப் புதிய தலைமையகமாக அறிவித்தார்கள். வாஷிங்டனிலிருந்து 328 பணியிடங்கள் வெளியேறுவதாகத் திட்டம். அவை எல்லாமே கிராண்ட் ஜங்ஷனுக்குப் போகவில்லை. அங்கே ஒதுக்கியது ஏறத்தாழ 27 இடங்கள்தான். மற்றவற்றை டென்வர், சால்ட் லேக் சிட்டி, ரீனோ என்று பல ஊர்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். நவம்பரில் இடமாற்றக் கடிதம் வந்தது. சம்மதமா இல்லையா என்று சொல்ல 30 நாள், சம்மதித்தால் கிளம்பிப் போய்ச் சேர 90 நாள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ பிறகு கணக்கெடுத்தபோது, கடிதம் பெற்ற 176 பேரில் 41 பேர்தான் போயிருந்தார்கள். கிராண்ட் ஜங்ஷனுக்கே போனவர்கள் 3 பேர். போகாதவர்களின் இடங்கள் ஓய்வாலும் ராஜினாமாவாலும் வேறு துறைக்குத் தாவியதாலும் காலியாயின. தலைமையகம் மறுபடி வாஷிங்டனுக்கே திரும்பும் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். கிராண்ட் ஜங்ஷனுக்கு ‘மேற்கத்தியத் தலைமையகம்’ என்ற பெயர் மிஞ்சியது.

ஊழியர்களுக்கு மலைநாடு பிடிக்கவில்லை என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். சம்பளச் சீட்டைப் பார்த்தால் காரணம் வேறு. அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தோடு ஊரைப் பொறுத்து ஒரு கூடுதல் விகிதம் சேரும். 2020-இல் வாஷிங்டனுக்கு அது 30.48 சதவீதம். தனி விகிதம் இல்லாத ஊர்களுக்கு 15.95. கிராண்ட் ஜங்ஷன் அந்த இரண்டாவது வரிசையில் இருந்தது. அடிப்படை 1,00,000 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 14,530 டாலர் குறைவு. ஊர் மாறினால் இந்தத் தொகைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஓய்வூதியத்தை மிக உயர்ந்த மூன்று ஆண்டுச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுவதால் அடி அங்கும் விழும். இதற்கு ஈடாகக் காட்டியது, புதுச் சம்பளத்தில் 25 சதவீதம் வரை ஒரே முறை தரும் ஊக்கத்தொகை. அதற்கு வரியும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் அது இரண்டே ஆண்டில் கரைந்துவிடும். டென்வருக்குப் போனவர்களுக்கு இழப்பு இதைவிடக் குறைவு. ஆனால் கடிதத்தில் போட்டிருக்கும் ஊரைத்தான் ஏற்கவோ மறுக்கவோ முடியும்.

இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. 50 வயதும் 20 ஆண்டுப் பணியும் இருந்தால், அல்லது எந்த வயதானாலும் 25 ஆண்டுப் பணி இருந்தால், இத்தகைய இடமாற்றத்தை மறுப்பவர் முன்கூட்டியே ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு போகலாம். ஆகவே வாசல் முதலில் திறந்தது அனுபவசாலிகளுக்குத்தான். சுரங்கச் சட்டம், நில அளவை, வரவுசெலவு என்று பல ஆண்டுகள் ஊறியவர்கள் அவர்கள். காலி நாற்காலிகளை மற்ற அலுவலகங்களிலிருந்து தற்காலிகமாக இரவல் வாங்கிய ஆட்களை வைத்து நிரப்பினார்கள். வருபவர் கோப்பைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் அவர் தவணை முடிந்துவிடும். இதனால் விதிகளைத் தெளிவுபடுத்தும் வேலை தாமதமானதாக ஊழியர்கள் ஜிஏஓ-விடம் சொன்னார்கள். தலைமையகத்தில் கறுப்பின ஊழியர்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்ததும் இதே காலத்தில்தான்.

சரி, நிலத்தின் பக்கத்தில் இருந்தால் முடிவு நன்றாக இருக்காதா? இருக்கும். ஆனால் அந்த முடிவுகள் முன்பே அங்கேதான் எடுக்கப்படுகின்றன. பணியகத்தின் ஊழியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே வாஷிங்டனுக்கு வெளியே இருக்கிறார்கள். பத்தாண்டு மேய்ச்சல் உரிமத்தில் கையெழுத்திடுபவர் கள அலுவலகத்தின் மேலாளர். எண்ணெய்க் கிணறு தோண்டும் அனுமதியும் அங்கேதான் பரிசீலனையாகிறது. நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருபவர் மாநில இயக்குநர். மேய்ச்சல் கட்டணத்தை எந்த ஊரில் உட்கார்ந்தாலும் மாற்ற முடியாது. 1978-இல் சட்டத்தில் எழுதப்பட்ட சூத்திரம் அதை நிர்ணயிக்கிறது. பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 1.35 டாலர் என்ற அடிமட்டத் தொகையும் வெள்ளை மாளிகை 1986-இல் போட்ட ஆணையில் வந்தது.

வாஷிங்டனில் இருந்த சில நூறு பேரின் வேலை வேறு. நாடாளுமன்ற நிதிக் குழுவுக்குப் பதில் சொல்வது, வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்தோடு வரிக்கு வரி மல்லுக்கட்டுவது, புது விதியின் வரைவைத் துறை வழக்கறிஞர்களிடம் கொண்டுபோய்த் திருத்தி வாங்குவது. மறுமுனையில் இருப்பவர்கள் எல்லோரும் வாஷிங்டன்காரர்கள். கிராண்ட் ஜங்ஷனிலிருந்து அங்கே அப்போது நேரடி விமானம்கூட இருக்கவில்லை.

இடம் மாற்றவே கூடாது என்பதல்ல என் கட்சி. காட்டுத்தீ ஒருங்கிணைப்பு மையம் 1965 முதல் ஐடஹோவின் பாய்சியில் இருக்கிறது. அது அங்கே இருப்பதுதான் சரி. தீயும் விமானங்களும் வானொலிக் கருவிக் கிடங்கும் மேற்கில்தானே வேண்டும்! மேற்கு மக்களின் மனக்குறையும் பொய்யில்லை. அனுமதி தாமதமாகிறது என்று அவர்கள் புலம்பினால், பல இடங்களில் காரணம் கள அலுவலகத்தின் காலி நாற்காலி. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் போன்ற எண்ணெய்ப் பகுதிகளில் பெட்ரோலியப் பொறியாளரைப் பிடித்துவைப்பதே பெரும்பாடு. வெளியே நிறுவனங்கள் அதிகம் கொடுக்கின்றன. தலைமையகத்தை நகர்த்தும் பணத்தில் அந்த இடங்களுக்குச் சிறப்புச் சம்பளம் கொடுத்தால் விண்ணப்பித்தவருக்கு அனுமதித் தாள் சீக்கிரம் கைக்கு வரும்.

நகர்த்தத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பணியிடமும் வாரத்தில் யாரோடு அதிகம் பேசுகிறது என்று முதலில் பட்டியலிட வேண்டும். களத்தோடு பேசுபவற்றை மட்டும் மாற்ற வேண்டும். இருக்கும் ஆளைப் பிடுங்கி நடாமல், இடம் காலியாகும்போது புது ஊரில் ஆள் எடுக்க வேண்டும். பழையவரும் புதியவரும் சில மாதங்கள் சேர்ந்து வேலை செய்யும்படி இரட்டைச் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். 2019-இல் இந்த முறையை விட்டுவிட்டு ஊரைத்தான் முதலில் அறிவித்தார்கள்.

இது பழங்கதையும் அல்ல. வனச் சேவையை உள்ளடக்கிய வேளாண் துறை, வாஷிங்டன் வட்டாரத்தில் உள்ள 4,600 பேரில் சுமார் 2,600 பேரை ஐந்து ஊர்களுக்கு அனுப்பப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. சால்ட் லேக் சிட்டியும் ஃபோர்ட் காலின்ஸும் அந்த ஐந்தில் உண்டு. இதைப் பற்றி இனி எழுதும்போது எத்தனை பேருக்குக் கடிதம் போனது, எத்தனை பேர் போனார்கள், ஓராண்டு கழித்து எத்தனை இடம் நிரம்பியது என்ற மூன்று எண்களையும் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்