பறவைக் கூட்டின் படம் வேண்டாம், தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவைகளையும் காட்டுயிர்களையும் படமெடுப்பது அவற்றின் பாதுகாப்புக்குக் கைகொடுக்கும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் கூடவே அச்சான படங்களில் ஒன்றில்கூட எடுத்த தேதி இல்லை. இரண்டு படங்கள் கூட்டருகே எடுத்தவை. இதுபற்றித்தான் எழுதுகிறேன்.

நாளும் இடமும் சேர்ந்தால்தான் படம் சான்றாகும். முதலில் தவறுவது கேமராவின் கடிகாரம். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்துவிட்டால் அது பழைய தேதிக்குப் போய்விடும். வெளிநாடு போனால் நேரம் மாற்ற மறந்துவிடும். கிளம்பும்போது கைபேசியில் ஓடும் மணியை விநாடியோடு ஒரு படம் எடுத்து வைத்தால், பிழை எவ்வளவு என்று கண்டு அன்றைய படங்கள் அத்தனையையும் பின்னர் திருத்திவிடலாம். இடத்தைக் குறிக்க, நின்ற இடத்திலேயே கைபேசியால் ஒரு படம் போதும். வீட்டுக்கு வந்து பதிவேற்றும்போது வீட்டின் இடமே பதிவாகி, சதுப்புநிலப் பறவை மொட்டைமாடியில் நிற்பதாக வரைபடத்தில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அழகான முகப்படம் மட்டும் இனத்தைச் சொல்லாது. கதிர்க்குருவி, உள்ளான், ஆலா போன்றவற்றில் கால் நிறம், மடித்த சிறகின் நீளம், வாலடி, பிட்டத்தின் நிறம் ஆகியவையே அடையாளம். ஆகவே பக்கவாட்டிலும் பின்புறமும் சில படங்கள், பறக்கும்போது 1/2000 விநாடி ஷட்டர் வேகத்தில் சில படங்கள் வேண்டும். மங்கலாக வந்தாலும் அழித்துவிட வேண்டாம்; சிறகின் வெள்ளைப் பட்டை அதில் தெரிந்திருக்கலாம்.

ஆய்வாளர்கள் பறவையின் காலில் மாட்டிய அடையாள வளையம் தென்பட்டால் மற்றதை விட்டுவிட்டு அதையே எடுக்கலாம். உலோக வளையத்தில் எண் காலைச் சுற்றி ஓடுவதால் ஒரு படத்தில் இரண்டு மூன்று இலக்கங்கள்தான் தெரியும். பறவை திரும்பும்போதெல்லாம் படமெடுத்து எண்ணைக் கோக்க வேண்டும். வண்ண வளையமானால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து என்ன வரிசை என்பதெல்லாம் தேவை. 1956-இல் மிட்வே தீவில் வளையமிடப்பட்ட லேசான் அல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றை இத்தனை ஆண்டுகள் கழித்தும் தனியாக அடையாளம் காண முடிவது அதன் காலில் உள்ள இசட்333 என்ற சிவப்பு வளையத்தால்தான். அழகுக்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பினால் வளையம் மறுகாலுக்குப் போய்விடும். படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் செயலிகள் இல்லாத இறகுக்கோட்டை வரையும், 3-ஐ 8 ஆக்கும். பதிவுக்குத் தரும் படத்தில் வெட்டுவதும் வெளிச்சம் திருத்துவதும் போதும்.

வரிகளைக் கொண்டே அடையாளம் காணப்படும் புலிக்கும் இதே எச்சரிக்கை. அதன் இரு பக்க வரிகளும் ஒன்றாக இரா. ஒருநாள் இடப்பக்கமும் இன்னொருநாள் வலப்பக்கமும் மட்டும் கிடைத்தால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படலாம். திமிங்கலச் சுறாக்களைத் தனித்தனியே அடையாளம் காண அவற்றின் உடற்புள்ளிகளை ஒப்பிடுவதற்கோ, விண்மீன் கூட்டங்களை ஒப்பிட உருவான கணக்குமுறையையே ஆய்வாளர்கள் மாற்றியமைத்துக்கொண்டார்கள். அதற்கு உதவுவது செவுள் பிளவுகளுக்குப் பின்னால் உள்ள பகுதியின் தெளிவான பக்கவாட்டுப் படம்.

2002-இல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அரிய பறவை ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட, நடந்த நேரம், தொலைவு, கண்ட எல்லாப் பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு முழுப் பட்டியல் தருவது மேல். எது அங்கே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். எல்லா உயிரினங்களையும் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள பல இனங்களின் இடத்தைத் தானே மங்கலாக்கிவிடும். அதே படத்தை வேறெங்காவது பகிர்ந்தால் கோப்புக்குள் இருக்கும் ஜிபிஎஸ் குறிப்பு அப்படியே போகக்கூடும். நீக்கிவிட்டுப் பகிர வேண்டும்.

இனி கூடு. மறைக்கும் கிளையை ஒடித்தால் வெயில் நேரே இறங்கி முட்டை சூடேறும், குஞ்சு வாய் பிளந்து மூச்சிரைக்கும். ஆள் நிற்கும் இடத்தைக் காகம் கவனித்து வைத்துக்கொண்டு, பிறகு வந்து முட்டையையோ குஞ்சையோ தூக்கிவிடும். பறக்கும் பருவத்துக்குச் சற்று முந்தைய குஞ்சுகள் மிரண்டு முன்கூட்டியே குதித்துவிடும். வாயில் புழுவோடு தாய் கிளையில் நெடுநேரம் நின்றால், அருகே கூடு இருக்கிறது, நம்மைக் கண்டுதான் அது உள்ளே போகவில்லை என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். அந்தக் காட்சி எத்தனை படங்களில் அழகென்று பாராட்டப்படுகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இப்படித்தான். இல்லாத எதிரியைத் தேடி ஆண் பறவை இரைதேடும் பொழுதை இழக்கிறது.

இனிவரும் படங்களின் கீழே தேதி, நேரம், பரந்த நிலப்பகுதி, லென்ஸின் குவியத்தூரம், படம் எவ்வளவு வெட்டப்பட்டது ஆகியவற்றை அச்சிடுங்கள். கூட்டுப் படங்களும் குரல் ஒலிக்கவிட்டு எடுத்தவையும் ஏற்கப்படமாட்டா என்று படம் கேட்கும் அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஆந்தைகள் பகலில் அடையும் மரத்தின் இடத்தை மட்டும், படம் அனுப்பியவரே எழுதியிருந்தாலும், அச்சேற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்