நீ அனுப்பிய ஐம்பதாயிரம்

அம்பாசமுத்திரம்,
மே மாதம்

அன்பு ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு அனுப்பிய ஐம்பதாயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இந்நேரம் உன் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், நானும் விட்ட இடம் மறந்து வேறு எங்கோ போய்விடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ கனடாக் குடியுரிமை வாங்கிய அன்று பேத்தி சின்னக் கொடியை ஆட்டிக்கொண்டு நின்ற போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆடிட்டர்தான் வரவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க பையன் பாஸ்போர்ட் இப்ப எந்த நாடு?" என்று கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தவரைக்கும் நீ அங்கே சம்பாதித்து அனுப்பினாலும் அது இந்தியக் குடிமகன் கொடுத்த காசு. பாஸ்போர்ட் மாறியபின் அதே கை, அதே சம்பளம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் பிரதானக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வந்து விழ வேண்டும். பதிவு கேட்பதற்கே முந்தைய மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நாம் பதினைந்து லட்சத்தைக் கண்ணால் கண்டோமா என்ன? வாடகை, பிசியோதெரபி பார்க்க வரும் பெண்ணின் பஸ் காசு, சனிக்கிழமைச் சாப்பாடு, மனு ஜெராக்ஸ். நம் வரவு செலவு அவ்வளவுதான்.

"உன் பேருக்கு அனுப்புறேன், நீ சங்கத்துக்குக் கொடு" என்று சொல்லப்போகிறாய். தெரியும். வேண்டாம். நீ எனக்கு அனுப்புவது எனக்கு, என் மருந்துக்கும் என் வெற்றிலைக்கும். அதைச் சுற்று வழியில் சங்கத்து ரசீதுப் புத்தகத்துக்குள் கொண்டுபோக நான் தயாரில்லை. ஒரு தடவை கணக்கில் கோட்டைவிட்டு அவமானப்பட்டவள் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பியது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பாஸ்போர்ட்டால் இன்னொன்றும் மாறிவிட்டது. அதுதான் எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

உன் தங்கைக்குப் பதினெட்டு முடிந்ததும் கலெக்டர் ஆபீசில் பாதுகாவலர் சான்று வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? 1999இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி. மாவட்டக் கலெக்டர், பதிவு செய்த தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், இவர்கள் சேர்ந்த குழு கொடுப்பது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அன்று உன் அப்பா, "நமக்கப்புறம் பெரியவன் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். நானும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். இப்போது பார்த்தால், பாதுகாவலராக இருக்க இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமாம்.

உன்னைக் குறை சொல்லவில்லை. மருமகளுக்கும் குழந்தைக்கும் அங்கேதான் வாழ்க்கை. தங்கையை அங்கே அழைத்துக்கொள்ள முடியாது என்று நீயே விசாரித்துச் சொல்லிவிட்டாய். அப்படியே முடிந்தாலும் அவள் வரமாட்டாள். சனிக்கிழமை சங்கத்துக்குப் போகாவிட்டால் அவளுக்கு அந்த வாரமே விடியாது. நான் சொல்ல வருவது வேறு. இத்தனை நாளும் சங்கம் என்றால் மற்றவர்களுக்கு நாம் செய்கிற உதவி என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. வெளியே சொன்னதில்லை, ஆனால் இருந்தது. இப்போது யோசித்தால், நானும் இல்லாமல் நீயும் பக்கத்தில் இல்லாமல் இருக்கிற ஒரு நாளில் இவள் வீட்டுக் கதவைத் தட்டி "சாப்பிட்டியா" என்று கேட்கப்போவது சங்கத்து ஆட்கள்தான். அந்தச் சங்கம் என் ஒருத்தியின் தலையில் நின்றுகொண்டிருந்தால், நான் சாய்கிற அன்றைக்கு அதுவும் சாயும்.

அதனால் இந்த ஜூன் மாதப் பொதுக்குழுவில் செயலாளர் பதவியை விடுகிறேன். 2009இலிருந்து நான்தான். சட்டப்படி செயற்குழுவுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆயுள் கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை "டீச்சரே இருக்கட்டும்" என்று யாராவது முன்மொழிவார்கள், இன்னொருவர் வழிமொழிவார், எல்லாரும் காப்பி குடிக்கப் போய்விடுவோம். அதற்குப் பெயர் தேர்தல்!

வரப்போகிற செயலாளர் யார் என்று கேட்பாய். ஸ்கூட்டரில் பின்னால் ரெண்டு சக்கரம் சேர்த்து ஓட்டிக்கொண்டு வருவாளே, போலியோவில் ரெண்டு காலும் போன பெண், தையற்கடைக்காரர் மகள். நீ போன தடவை வந்தபோது உன்னோடு கிரிக்கெட் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டாளே, அவள்தான். அவள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதில் என் தப்பு இருக்கிறது.

ஒன்பது வருடம் நம் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. முதலாளி நல்ல மனுஷர், வாடகை வாங்கவில்லை. இவள் உறுப்பினராகச் சேர்ந்ததும் ரெண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள். நாங்கள் எல்லாரும் கைதட்டுவோம் வேறு. மூன்று கூட்டம் வந்தாள். நாலாவதுக்கு ஆள் வரவில்லை, ஒரு போஸ்ட் கார்டு வந்தது: "கூட்டம் கீழே நடந்தால் வருகிறேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இலவசமாகக் கிடைத்த இடம், தூக்க ஆள் இருக்கிறது, இன்னும் என்ன என்று. பொருளாளர் அண்ணாச்சியிடம் புலம்பினேன். அவர் பலசரக்குக் கடைக்காரர், வளைத்துப் பேசத் தெரியாது. "டீச்சர், உங்களை மாசாமாசம் ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து வச்சா நீங்க வருவீங்களா?" என்றார்.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. உன் தங்கைக்கு மூன்று வயதில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, கடையம் வழியாகத் தென்காசி, அங்கிருந்து ஆய்க்குடி என்று அமர் சேவா சங்கத்துக்குப் பயிற்சிக்கு அலைந்தேனே. அங்கே ராமகிருஷ்ணன் ஐயாவைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவு போனவர். 1981இல், ஐ.நா. ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த வருடம், ஒரு ஓலைக் கொட்டகையில் ஒரு சில பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த டாக்டரின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்த சங்கரராமன் என்ற ஆடிட்டர் 1992இல் வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போடக் கை அசையாதவர் ஒருவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதவர் ஒருவர், ரெண்டு பேருமாகச் சேர்ந்து அந்த இடத்தை நடத்தியதை என் கண்ணால் பார்த்தேன். 2020இல் ராமகிருஷ்ணன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது உனக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். இதையெல்லாம் பார்த்தவள், சொந்தமாக ஒரு சங்கம் என்று வந்ததும் கொண்டுபோய் மாடியில் வைத்தேன்.

கூட்டத்தைக் கீழே கொண்டுவந்தோம். பஞ்சாயத்துப் பள்ளி வராண்டா. மழை பெய்தால் சாரல் அடிக்கும். முதல் கூட்டத்துக்கே பதினோரு பேர் புதிதாக வந்தார்கள், அதில் ஆறு பேர் அதே தெருக்காரர்கள். மாடி என்றதால் ஒன்பது வருடம் வராமல் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் அவள் செயற்குழுவுக்கு வந்தாள். வந்த மாதமே தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் உட்கார்ந்தாள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கைப் பதிவாளர் ஆபீசில் தாக்கல் செய்ய வேண்டும். அப்பா இறந்துபோன வருடமும் அதற்கடுத்த வருடமும் நான் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன். பணம் ஒரு பைசா குறையவில்லை, ஆனால் தாள் இல்லை. பொதுக்குழுவில் எழுந்து அதைச் சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவள் அன்றைக்கு நான் எழுந்து நின்றேன். அபராதத்தைக் கட்டிச் சரிசெய்தோம். அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. அது இன்னும் கேவலம்.

சரி, இதையெல்லாம் கடந்து வந்தபின் சங்கத்தின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் யாராவது பிறந்தநாளுக்கோ திதிக்கோ சாப்பாடு போட வந்தால், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அடுத்த நாள் பேப்பரில் வரும். உன் தங்கை அந்தப் போட்டோவில் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். "போட்டோ இல்லாமல் சாப்பாடு போடுவதானால் போடட்டும்" என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று புரவலர்கள் நின்றுபோனார்கள். நான் பயந்தேன். அண்ணாச்சி வீட்டுக்கு வீடு அரிசி கேட்கப் புறப்பட்டார். அந்த வருடம் அரிசி மிஞ்சியது.

சக்கர நாற்காலியும் அப்படித்தான். முன்பு யாராவது பத்து நாற்காலி மொத்தமாக வாங்கி மேடை போட்டுக் கொடுப்பார்கள். பத்தும் ஒரே அளவு. எட்டு வயதுப் பையன் பெரிய ஆள் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, கால் தொங்க உட்கார்ந்திருப்பான். அப்படியே நாள் கணக்கில் உட்கார்ந்தால் முதுகு வளையும், புண் வரும். இப்போது இவர்கள் இஞ்ச் டேப்போடு வீட்டுக்குப் போய், இடுப்பு அகலம், தொடை நீளம், கால் பலகை உயரம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு வந்துதான் வாங்குகிறார்கள். அளவெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தையற்கடைக்காரர் மகளாயிற்றே!

2025இல் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக வைக்கச் சட்டம் வந்தது அல்லவா, அதற்கும் மனுப் போட்டிருக்கிறாள். கிடைக்கிறதோ இல்லையோ, நகராட்சி ஆபீசுக்குச் சாய்தளம் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் மனுவைக் கொடுத்திருக்கிறாள்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தி மகள் பாளையங்கோட்டையில்தானே இருக்கிறாள், எனக்குப் பிறகு பாதுகாவலராக இருக்கச் சம்மதித்திருக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளை என்பதை மட்டும் நம்பி விட மாட்டேன். பாதுகாவலரானால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் பதிவு பெற்ற நிறுவனம் கலெக்டர் குழுவிடம் போய் அவரை நீக்கச் சொல்லலாம். அதற்காகவே நம் சங்கத்தையும் நேஷனல் டிரஸ்ட்டில் பதிவு செய்ய விண்ணப்பம் தயாராகிறது. பேப்பர் வேலை முழுக்கப் புதுச் செயலாளர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ரசீது எடுத்துக் கொடுக்கிறேன்.

இதில் உன் பங்கு என்ன என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. பழைய பேரேடு பதினேழு வருடத்துக்கும் என் கையெழுத்தில் கிடக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். சம்பளம் கிடையாது. தப்பு இருந்தால் எனக்குச் சொல்லாதே, அவளுக்கே சொல்.

பாதுகாவலர் மாற்றம் பற்றித் தங்கையிடமும் கேட்டோம். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, புதுச் செயலாளர்தான் கேட்க வைத்தாள். சித்தி மகள் பெயரைச் சொன்னதும் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா சொல்லக் கூடாது" என்றாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். முப்பத்திரண்டு வயதாகிறது, சங்கத்தில் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம், வீட்டில் மட்டும் பாப்பாவாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடு. உன்னோடு பேச வேண்டுமாம். எடுத்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா